‘டிராஸ்டிக்’ என்ற சொல்லை அடிக்க மாட்டேன்

1

கனடாவுக்கு வந்து இன்றோடு மூன்று வருடம். காலையில் அலுவலக மின்னஞ்சலைத் திறந்தேன். வாழ்த்து எதுவும் இல்லை. மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு கடிதம் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் நான் இரண்டு காரியங்களை முடிக்க வேண்டுமாம்.

ஒன்று, ‘பணியிடத்தில் பேச்சும் எழுத்தும்’ என்ற வகுப்பை முடித்ததற்கான சான்றிதழைத் தர வேண்டும்.

இரண்டு, மார்ச் மாதப் பதிவேட்டில் என் கையெழுத்தில் இருக்கும் ‘டிராஸ்டிக்’ என்ற ஆங்கிலச் சொல்லை நானே அடித்து, அதற்கு மேல் ‘கவனிக்கத்தக்க’ என்று பொருள் தரும் இன்னொரு சொல்லை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும்.

இரண்டையும் செய்தால் என் வேலை நிரந்தரமாகும். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கடிதத்தில் இல்லை. இந்த ஊரில் கெட்டதை எழுத மாட்டார்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டு, நம்மையே நிரப்பிக்கொள்ளச் சொல்வார்கள். நிரப்பிக்கொண்டேன். இந்த வேலையைக் காட்டித்தான் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். வேலை போனால் விண்ணப்பமும் போகும். விண்ணப்பம் போனால் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் இரண்டு பெட்டியோடு இறங்க வேண்டியதுதான். இறங்குவதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் அதற்கு நான் தேர்ந்தெடுத்த காரணம் வேண்டும்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு அந்தச் சொல்லை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நம் ஊரில் அது தினமும் புழங்குகிறது. தக்காளி விலை டிராஸ்டிக்காக ஏறும், மாப்பிள்ளையின் முடி டிராஸ்டிக்காகக் கொட்டும். ஒரு மாற்றம் சாதாரணமானதல்ல, கடுமையானது, தலைகீழானது என்று சொல்ல வரும்போது அந்தச் சொல் வருகிறது. நான் எழுதியதும் அதற்காகத்தான்.

2

என் வேலை இது: ஒரு சின்ன ஊரின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் இயக்குநர். சினிமா இயக்குநர் இல்லை. வால்வு திறப்பேன், மூடுவேன், குளோரின் அளவு பார்ப்பேன், மீட்டர்களைப் படிப்பேன். ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஆறு. ஆற்றிலிருந்து தண்ணீர் உள்ளே வருகிறது, வடிகட்டிகள் வழியாகப் போகிறது, குழாயில் குடிநீராக வெளியே போகிறது. வரும் தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று ஒரு மீட்டர் எண்ணாகக் காட்டும். எண் சின்னதாக இருந்தால் ஆறு தெளிவு, பெரிதானால் கலங்கல்.

மார்ச்சில் பனி உருகும். ஆறு கொஞ்சம் கலங்கும். அது எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று காலை ஆறு நாற்பதுக்கு மீட்டர் நான்கைக் காட்டியது. காபி போட்டேன். ஏழு மணிக்கு முப்பது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆற்றில் பனிக்கட்டி இல்லை. சின்னச் சின்னக் குச்சிகளும் இலைச் சருகும் ஒரே ஓரமாக வந்துகொண்டிருந்தன. தண்ணீரின் நிறம் டீத்தூளைக் கொட்டியதுபோல் மாறியிருந்தது. அந்த நிறத்தை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன். எங்கே என்று பிறகு சொல்கிறேன்.

என் மேற்பார்வையாளர் டேவை போனில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஏழு இருபதுக்கு மீட்டர் தொண்ணூறு. ஆற்றிலிருந்து தண்ணீர் உள்ளே வரும் வாயிலை மூடினேன். தொட்டியில் இருந்த சுத்தமான தண்ணீரை மட்டும் ஊருக்கு அனுப்பினேன். மேட்டுப் பகுதி வீடுகளில் இரண்டு மணி நேரம் குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. புகார்கள் வந்தன.

பதிவேட்டில் இப்படி எழுதினேன்: ‘ஆற்று நீரின் கலங்கலில் டிராஸ்டிக் மாற்றம். 6:40-க்கு நான்கு, 7:20-க்குத் தொண்ணூறு. மேற்பார்வையாளரை இருமுறை அழைத்தேன், பதில் இல்லை. நீர்வாயிலை மூடினேன்.’

இரண்டு நாள் கழித்து, ஆற்றின் மேல்பக்கம் கரை ஒன்று பெரிய துண்டாகச் சரிந்து விழுந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் இப்போது எனக்கு எதிரான சாட்சி. ஒன்றும் ஆகவில்லையே, பிறகு எதற்கு இவ்வளவு பெரிய சொல்? மூடியதால்தான் ஒன்றும் ஆகவில்லை என்பது என் கட்சி.

மாகாணத்திலிருந்து ஆய்வாளர் வரப்போகிறார். அந்தச் சொல் இருந்தால் அவர் நின்று படிப்பார். நின்று படித்தால் அடுத்த வரியையும் படிப்பார். போனை எடுக்காத வரி.

அவர்களே அடித்துவிடக் கூடாதா என்று கேட்கலாம். முடியாது. இங்கே பதிவேட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. பேனாவில்தான் எழுத வேண்டும். வெள்ளை மை தடவக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. திருத்த வேண்டுமானால் ஒரே ஒரு கோடு, அதுவும் அடியில் உள்ள பழைய சொல் படிக்கும்படியாக. பக்கத்தில் எழுதியவரின் சுருக்கொப்பம். வேறு யாருடையதும் செல்லாது. அதாவது, அந்தச் சொல்லின் கழுத்தில் கத்தி வைக்க இந்த ஊரிலேயே என் ஒருத்தியின் கைக்குத்தான் உரிமை.

டேவ் கெட்டவர் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். போன குளிர்காலத்தில் பனியில் புதைந்த என் காரைத் தன் கையாலேயே தோண்டி எடுத்தவர். அன்று காலை அவர் மகளைப் பள்ளியில் விட்டுக்கொண்டிருந்தார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இந்த வாரம் சுலபமாகப் போயிருக்கும்.

3

நான் ஒரு காலத்தில் இந்தச் சொல்லைத் தப்பாகப் பயன்படுத்தியவள்தான். மறைக்க விரும்பவில்லை.

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் ஆங்கிலப் பயிற்சி நிலையம் இருந்தது. வெளிநாடு போக எழுத வேண்டிய தேர்வுக்கு அங்கேதான் எல்லோரும் போவோம். கீழே யூரியா வாசனை, மேலே இங்கிலீஷ். சார் ஒரு தாள் தருவார்: ‘மார்க் வாங்கித் தரும் முப்பது சொற்கள்’. அதில் நான்காவது டிராஸ்டிக்.

“பேப்பர் திருத்தறவன் இந்த வார்த்தைய பாத்தான்னா அப்டியே நிமிந்து ஒக்காருவான். ஒரு பேப்பர்ல கம்மியா மூணு எடத்துல போட்டுடுங்க. எங்கன்னு கேக்காதீங்க. போட்டுகினே போங்க” என்பார்.

போட்டுக்கொண்டே போனோம். தேர்வில் ஒரு வரைபடத்தைப் பார்த்து விவரித்து எழுதச் சொன்னார்கள். ஒரு நகரத்தில் மிதிவண்டி ஓட்டுகிறவர்கள் வருடா வருடம் ஒரு துளி கூடிக்கொண்டே வந்தார்கள். நான் அதை டிராஸ்டிக் உயர்வு என்றேன். அடுத்த வருடம் ஒரு துளி குறைந்தார்கள், அது டிராஸ்டிக் வீழ்ச்சி. எதுவுமே மாறாத வருடத்தையும் விட்டுவைக்கவில்லை: ‘டிராஸ்டிக்காக ஒன்றும் மாறவில்லை’. மூன்று இடம் கணக்கு சரி. மதிப்பெண் போதவில்லை. அந்தத் தாளை எழுதிய எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் போதவில்லை. எங்கள் மாவட்டத்தைத் திருத்தியவர் நிமிர்ந்து உட்கார்ந்து உட்கார்ந்தே களைத்திருப்பார்.

இரண்டாம் முறை எழுதுவதற்கு முன் எனக்காக ஒரு பட்டியல் போட்டேன். அந்தச் சொல்லை எழுதும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்:

எவ்வளவு மாறியது?
எவ்வளவு நேரத்தில்?
பார்த்துக்கொண்டு சும்மா நின்றால் என்ன ஆகும்?

மூன்றாவது கேள்வி எந்தப் பயிற்சி நிலையத் தாளிலும் இல்லை. அது மலையிலிருந்து வந்தது.

4

பொறியியல் கல்லூரியில் என் பெஞ்சில் உட்கார்ந்தவள் மல்லிகா. கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் அவர்களுக்குச் சாமைக் கொல்லையும் மரவள்ளியும் உண்டு. எங்கள் அத்தாவுக்குக் கள்ளக்குறிச்சி கடைவீதியில் மொத்த வியாபாரம். மல்லிகாவின் அப்பா கொண்டுவரும் கடுக்காயும் புளியும் எங்கள் கடையில்தான் இறங்கும். அப்பாக்கள் தராசின் இரண்டு பக்கம், நாங்கள் ஒரே பெஞ்சு.

மூன்றாம் வருடம் ஆறு பெண்கள் சேர்ந்து மலைக்குப் போனோம். அம்மா விடியற்காலையில் எழுந்து பிரியாணி செய்து, அத்தா புதிதாக வாங்கியிருந்த தேக்சாவோடு கொடுத்தனுப்பினார். தேக்சாவை மூடியோடு திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று மூன்று முறை சொன்னார். ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர். கண்ணாடி மாதிரி. நடுவில் ஒரு பாறை. தேக்சாவை அதன்மேல் வைத்தோம். கீழே இன்னும் நாலைந்து குடும்பங்கள் குளித்துக்கொண்டிருந்தன. வானத்தில் ஒரு மேகம் இல்லை.

மல்லிகா மட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். சருகு வந்தது. பிறகு சின்னக் குச்சிகள். தண்ணீர் டீ நிறமானது.

“ஏறு! எல்லாம் மேல ஏறு! பாத்திரம் வேணாம், ஏறு!”

நாங்கள் ஐந்து பேரும் ஏறினோம், அவள் முகத்தைப் பார்த்து. கீழே குளித்தவர்கள் ஏறவில்லை. ஒருவர் தலையில் ஷாம்பு நுரையோடு சிரித்தார்.

“இன்னா பொண்ணு பீதி கெளப்பற? மழையே காணோம்.”

“அண்ணா, மேல பேஞ்சிருக்குதுங்க. தண்ணி நெறம் மாறிப்போச்சு பாருங்க.”

“கொஞ்சம் கலங்கியிருக்குது. அதுக்கு இன்னா இப்ப?”

அப்போது மல்லிகா கத்திய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவருடைய தாயார், தகப்பனார், அவர் பிறந்த விதம் எல்லாம் அதில் வந்தன. அவளை அடிக்க அந்த ஆள் கரையேறினார். அவர் பின்னால், வேடிக்கை பார்க்க, மற்ற எல்லோரும் ஏறினார்கள். கடைசிக் குழந்தை கரையைத் தொட்ட சமயம் சத்தம் கேட்டது. பாறை மறைந்தது. தேக்சா ஒரு சுற்றுச் சுற்றி, மூடி தனியாக, பிரியாணி தனியாகப் போனது. அடிக்க வந்தவர் ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையில் வைத்துக்கொண்டார். நுரை இன்னும் இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நான் சொன்னது இது: “தண்ணி கொஞ்சம் ஜாஸ்தியா வந்துடுச்சும்மா. தேக்சா போயிடுச்சு.”

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கொஞ்சம் தண்ணிக்கு எப்டிடி ரெண்டு கிலோ தேக்சா போவும்?”

நியாயமான கேள்வி. அன்று எனக்குப் பதில் சொல்லத் தைரியம் இல்லை. சொன்னால் அடுத்த முறை விட மாட்டார்கள்.

5

வகுப்புக்கு வருகிறேன். ஒரு மாதமாக, செவ்வாய், வியாழன் மாலை, ஊர் நூலகத்தின் பின்னறையில். ஆசிரியர் மார்கரெட், பணி ஓய்வு பெற்றவர். அங்கே இருப்பவர்கள் எல்லாம் என்னைப் போல ஏதோ ஒரு சொல்லில் தடுக்கியவர்கள். லாரி ஓட்டும் குர்மீத் சிங், கிடங்கு மேலாளரைப் பாசமாக ‘கிழவா’ என்று அழைத்துவிட்டு வந்திருக்கிறார்.

உங்களைத் தடுக்கிவிட்ட சொல்லைக் கொண்டுவாருங்கள், அதை வைத்து ஐந்து சரியான வாக்கியங்கள் எழுதுங்கள் என்றார் மார்கரெட். நான் என் சொல்லைச் சொன்னேன்.

குர்மீத் சிங் உடனே உதவிக்கு வந்தார். “எனக்குத் தெரியும். என் மனைவி டிராஸ்டிக்காகச் சமைப்பார்.”

“நன்றாகவா, மோசமாகவா?” என்றார் மார்கரெட்.

“அது அவர் கோபத்தைப் பொறுத்தது.”

அந்த வாக்கியத்தை மார்கரெட் ஏற்கவில்லை. நான் மனத்துக்குள் ஏற்றுக்கொண்டேன்.

என் வீட்டுப்பாடம் இது. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்.

அ. நாற்பது நிமிடத்தில் நான்கு தொண்ணூறானால் அது டிராஸ்டிக் மாற்றம்.

ஆ. மழைக்காலத்தில் குடை வாங்குவது டிராஸ்டிக் நடவடிக்கை அல்ல. பாத்திரத்தை விட்டுவிட்டு ஓடுவது டிராஸ்டிக் நடவடிக்கை.

இ. மூன்று வருடத்தில் என் சமையல் மாறியிருக்கிறது, ஆனால் டிராஸ்டிக்காக அல்ல. காரம் கம்மி, அவ்வளவுதான்.

ஈ. ஒரே வாரத்தில் ஒரு தெருவின் பாதி வீடுகளில் தகப்பன் இல்லாமல் போனால், அதற்கு இந்தச் சொல்லே போதாது.

உ-வை எழுதாமல் விட்டேன். நான்காவது வாக்கியத்தின் பக்கத்தில் மார்கரெட் பென்சிலால், ‘இலக்கணம் சரி. இது எந்தத் தெரு?’ என்று எழுதியிருந்தார்.

6

அது கருணாபுரம். எங்கள் கடைக்கு மூட்டை இறக்க வருபவர்களில் பலருக்கு வீடு அங்கேதான். விஷச் சாராயம் குடித்து ஜனங்கள் செத்த அந்த ஜூன் வாரத்தில் நான் இங்கே இருந்தேன். இன்று என் ஊர்ப் பெயரை இணையத்தில் தேடும் எவருக்கும் முதலில் வருவது அதுதான். சேர்ந்து வேலை செய்யும் ஒருவர் தேடிப் பார்த்துவிட்டு, அந்த ஊரா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். ஆமாம், அந்த ஊர்தான் என்று குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன்.

அந்த வாரம் அம்மா போனில் என்ன சொன்னார் தெரியுமா?

“ஊர்ல லேசா பிரச்சன. நீ நியூஸ் எதுவும் பாக்காத. சாப்டியா?”

அவருடைய குரலுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் ஒன்று போய் முடிவதற்குள் இன்னொன்று வந்துகொண்டிருந்தது.

வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீடுகளில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. தூரத்தில் இருப்பவர்களுக்கு எதையும் அதன் அளவில் சொல்வதில்லை. அத்தா நாலு நாள் மருத்துவமனையில் இருந்ததை ‘லேசா காய்ச்சல்’ என்றார்கள். கடைவீதிப் பழக்கமும் இதில் சேர்ந்திருக்கிறது. எங்கள் கடையில் உப்பு தீர்ந்தால் ‘உப்பு இல்லை’ என்று சொல்லக் கூடாது, ‘உப்பு நாளைக்கு வரும்’ என்றுதான் சொல்ல வேண்டும். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ‘லேசா’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நான் விமான டிக்கெட் விலை பார்க்கிறேன். அந்தச் சொல்லின்மேல் இருந்த நம்பிக்கை எனக்குப் போய்விட்டது.

அதனால் வீட்டுக்கு ஒரு விதி போட்டேன். போனில் ‘லேசா’, ‘கொஞ்சம்’, ‘ஒண்ணுமில்ல’ மூன்றும் தடை. எண் சொல்ல வேண்டும். அம்மா முதலில் கோபித்துக்கொண்டார். இப்போது பழகிவிட்டது. “அத்தாவுக்கு நூத்தி ரெண்டு. இன்னிக்கு டாக்டர் வூட்டுக்குப் போய்ட்டு வந்தோம். பயப்படாத” என்கிறார். பயப்படாமல் இருக்க முடிகிறது.

இப்படி அம்மாவையே திருத்திவிட்டு வந்தவளிடம்தான் இவர்கள் ‘டிராஸ்டிக்’கை அடித்து எழுதச் சொல்கிறார்கள்.

7

புதன்கிழமை சாயங்காலம் மல்லிகாவைக் கூப்பிட்டேன். அவளுக்கு வியாழன் காலை. இப்போது சங்கராபுரம் பக்கம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஒப்பந்தப் பொறியாளராக இருக்கிறாள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசினாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

“இன்னாடி ஷமீமா, ஒரு வார்த்தைக்கா இம்மாம் பஞ்சாயத்து? கோடு போட்டுட்டு கையெழுத்த போட்டுட்டு வேலய பாரு.”

“போட மாட்டேன்.”

“மாட்டியா? நானு இங்க எத்தினி எடத்துல கையெழுத்து போட்டுகினு கீறேன் தெரியுமா? தண்ணி வராத கொழாய்க்கெல்லாம் வந்துச்சுன்னு எழுதச் சொல்றானுங்க.”

“போட்டியா?”

“போடல. அத்த வுடு. என்னைய தூக்குனா நான் மலைக்குப் போய் சாம வெதப்பேன். நீ இன்னா பண்ணுவ? ஒங்க அத்தா கடையில கடுக்கா பொறுக்குவியா?”

“பொறுக்குவேன்.”

“கிழிச்ச. பேப்பர் கைக்கு வர்ற வரைக்கும் வாய மூடிகினு இரு. வந்தப்பறம் டிராஸ்டிக்குன்னு நெத்தியில பச்ச குத்திக்க.”

அவள் சொன்னதில் தப்பு இல்லை. சரியான அறிவுரை. ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நான் கேட்டேன்: “மல்லி, அன்னிக்கு அந்த ஷாம்பு ஆள்கிட்ட நீ மரியாதையா, ‘அண்ணா, தண்ணி கவனிக்கத்தக்க அளவுல மாறியிருக்குதுங்க’ன்னு சொல்லியிருந்தா?”



“செத்திருப்பான்” என்றாள். பிறகு, “மரியாதையாதான் மொதல்ல சொன்னேன். கேக்கலியே. அப்பறந்தான கெட்ட வார்த்தைக்குப் போனேன்.”

“அதத்தான் நானும் இங்கிலீஷ்ல எழுதியிருக்கேன்.”

அவள் சிரித்த சிரிப்பில் வண்டி சாய்ந்திருக்க வேண்டும். யாரோ ஒருவர் தூக்கிவிட்டு, “பாத்தும்மா” என்றது கேட்டது.

“சரிடி” என்றாள். “போடாத. இன்னா ஆவுதுன்னு பாப்போம். போட்டுட்டு வந்தியானா என்கிட்ட பேசாத.” ஐந்து நிமிடத்தில் அவள் கட்சி மாறியது. டிராஸ்டிக் என்று அதையும் சொல்லலாம்.

8

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. மேசையின் அந்தப் பக்கம் டேவ், மனிதவளப் பிரிவின் ஹெதர். இந்தப் பக்கம் நான். நடுவில் பதிவேடு, மார்ச் மாதப் பக்கத்தில் மஞ்சள் தாள் ஒட்டித் திறந்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் ஒரு கறுப்புப் பேனா.

முதலில் சான்றிதழைக் கொடுத்தேன். ஹெதர் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார். பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

“ஒரே ஒரு சொல்தானே” என்றார்.

“ஆமாம், ஒரே ஒரு சொல்தான். அதில் தவறு இருந்தால் இப்போதே அடிக்கிறேன். என்ன தவறு என்று சொல்லுங்கள்.”

“தவறு என்று இல்லை. அது உணர்ச்சியைக் காட்டும் சொல். பதிவேட்டில் உண்மை மட்டும் இருக்க வேண்டும்.”

நான் என் மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். மேசையில் வைத்தேன். எவ்வளவு? நான்கிலிருந்து தொண்ணூறு. எவ்வளவு நேரத்தில்? நாற்பது நிமிடம். சும்மா நின்றிருந்தால்? டேவைப் பார்த்தேன்.

“டேவ், இருபத்தைந்து வருடமாக இந்த ஆற்றைப் பார்க்கிறீர்கள். இப்படி ஏறி எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்?”

அவர் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “இல்லை” என்றார்.

“இல்லை என்றால்?”

“பார்த்ததில்லை.”

ஹெதர் அவரைப் பார்த்தார். அவர் நிமிரவில்லை.

நான் பேசினேன். மனப்பாடம் செய்து வைத்திருந்ததுதான். “இந்த நோட்டை நான் உங்களுக்காக எழுதவில்லை. ஆய்வாளருக்காகவும் எழுதவில்லை. எனக்கு அடுத்து அந்த நாற்காலியில் வந்து உட்காருகிறவருக்காக எழுதினேன். ஏதோ ஒரு மார்ச்சில் அவர் தனியாக இருப்பார். எண் ஏறும். போனை யாரும் எடுக்க மாட்டார்கள். பழைய பக்கத்தைப் புரட்டுவார். அதில் ‘கவனிக்கத்தக்க மாற்றம்’ என்று இருந்தால், சரி, கவனிப்போம் என்று காபி போடப் போவார். டிராஸ்டிக் என்று இருந்தால் வாயிலை மூடுவார். அந்த ஒரு சொல்லைப் படிக்க அவருக்கு ஒரு நொடி ஆகும். அந்த நொடியை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது.”

“உங்கள் வேலை நிரந்தரமாவது இதைப் பொறுத்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா?” என்றார் ஹெதர். மிரட்டும் குரல் இல்லை. உண்மையாகவே எனக்குப் புரிந்ததா என்று கேட்கும் குரல்.

“தெரியும்.”

பேனாவை எடுத்தேன். இருவரும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். சொல்லின் மேல் கோடு போடவில்லை. ஓரத்தில் எழுதினேன்: ‘மீண்டும் படித்தேன். ஒவ்வொரு சொல்லும் சரி.’ இன்றைய தேதி. சுருக்கொப்பம். சட்டப்படி என் பக்கத்தில் என் குறிப்பைச் சேர்க்க எனக்கு உரிமை உண்டு. பேனாவை மூடி வைத்தேன்.

வெளியே வராந்தாவில் நின்றேன். உள்ளே இருபது நிமிடம் பேசினார்கள். என்னைத் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: நிரந்தரம் இல்லை. நீக்கமும் இல்லை. தகுதிகாண் பருவம் இன்னும் ஆறு மாதம் நீட்டிப்பு. பதிவேடு இருக்கிறபடியே இருக்கும்.

வாகன நிறுத்தத்தில் டேவ் பின்னாலேயே வந்தார். என்ன சொல்வதென்று தெரியாதவர்போல் என் கார் சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தார்.

“இனிமேல் போனை எடுப்பேன்” என்றார்.

“எடுக்காவிட்டால் எழுதுவேன்” என்றேன். சிரித்துவிட்டார்.

மல்லிகாவுக்கு இரண்டே வரியில் செய்தி அனுப்பினேன். எழுந்தவுடன் பதில் அனுப்பியிருந்தாள், குரல் பதிவாக. பின்னால் சேவல் கூவிக்கொண்டிருந்தது.

“ஆறு மாசந்தானடி? பரவால்ல வுடு. தேக்சா கூட போவல.”

மார்கரெட்டுக்கு நான் பாக்கி வைத்திருந்த உ. வாக்கியத்தையும் அன்றே எழுதி அனுப்பினேன்: ‘என் மேலதிகாரிகள் என்னிடம் டிராஸ்டிக்காக எதையும் கேட்கவில்லை, ஒரே ஒரு கோடு போடத்தான் கேட்டார்கள்; நானும் டிராஸ்டிக்காக எதையும் செய்யவில்லை, போடவில்லை, அவ்வளவுதான்.’ அரைப்புள்ளி சரியான இடத்தில் இருக்கிறது என்று பதில் வந்தது.

9

சனிக்கிழமை காலை எனக்குத்தான் பணி. ஆறு மணிக்குப் பதிவேட்டைத் திறந்தேன். ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தேன். மீட்டரைப் பார்த்தேன். மறுபடி ஆற்றைப் பார்த்தேன். பிறகு எழுதினேன்:

‘ஆறு தெளிவு. கலங்கல் மூன்று. நேற்றிலிருந்து மாற்றம் ஏதும் இல்லை.’

பக்கத்தில் என் சுருக்கொப்பம்.